ஓரம் மங்காத படம்

உயிரோடு இருக்கிற மனிதனை வீட்டில் விட்டுவிட்டுப் போய், அவனைச் செத்தவனாக்கிக் கூடவே கூட்டிப்போனதாகப் படம் போட்டால் அவனுக்குக் கோபம் வருமா, வராதா? காரைக்காலை ஒட்டிய நெரவி ஊர்க்காரன் செம்பியனுக்கு வந்தது. கொரோனாவுக்கு முந்தின கோடையில் வந்த கோபம். அதற்கப்புறம் தங்கை மகள் நீலா பெரிய மனுஷியாகி, பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரிக்கும் போகத் தொடங்கிவிட்டாள். கோபம் மட்டும் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாக, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அப்படியே நின்றது.

நடந்தது இதுதான். தலத்தெருவில் கட்டிக்கொடுத்த தங்கை மதிவதனி, அவள் புருஷன் கதிரவன், மகள் நீலாயதாட்சி மூவரும் லீவுக்குக் கொடைக்கானல் போவதென்று முடிவாயிற்று. செம்பியனிடம் ஓர் ஆம்னி வேன் உண்டு. பின் இருக்கையைக் கழற்றிவிட்டு, கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரையில் மீன் ஏற்றி, ஐஸ் போட்டு, திருநள்ளாறு, பேரளம் என்று உள்ளூர்ச் சந்தைகளுக்குக் கொண்டுபோய் இறக்குவதுதான் அவன் தொழில். சொந்தத்தில் வண்டி இருக்கும்போது வாடகைக் கார் எதற்கு, நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லத்தான் தலத்தெருவுக்குப் போனான். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே கதிரவன் பேசுவது கேட்டது.

"உங்கண்ணன் வண்டியிலயா? மலை ஏறுறதுக்குள்ள நீலா குடலை கக்கிடும். அந்த மீன் நாத்தத்துல மனுசன் குந்த முடியுமா?"

கருவாடு விற்ற காசு நாறாது என்பார்கள். காசு நாறாது, வண்டி நாறும். அது செம்பியனுக்கே தெரியும். மாப்பிள்ளை சொன்னதுகூடப் பெரிதில்லை. உள்ளே நின்ற மதி ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லையே, அதுதான் பெரிது. கழற்றின செருப்பை மாட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டான்.

அவர்கள் போய்விட்டு வந்தார்கள். வந்த கொஞ்ச நாளில் மதி கொடைக்கானல் படங்களைப் பக்கம் பக்கமாகக் கம்ப்யூட்டரில் அலங்காரம் செய்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டாள். அதில் ஒரு பக்கம். ஏரியில் மிதிபடகு. படகில் கதிரவன், மதி, நீலா. ஓரத்தில் படகுச் சீட்டு ஒன்று, காய்ந்த தைல இலை ஒன்று, சாக்லேட் சுற்றிய தாள் ஒன்று, எல்லாம் கையால் ஒட்டி வைத்ததுபோலவே. பின்னால் மலை. மலைக்கு மேலே மேகம். மேகத்துக்குள் செம்பியன். வெள்ளைச் சட்டையோடு, உடம்பெல்லாம் புகையாகக் கரைந்து, சிரிக்காமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

காரைக்கால் பக்கத்தில் படம் ஒட்டுவதற்கு ஒரு முறை உண்டு. எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை கல்யாணத்துக்கு வர முடியாமல் போனால், அவன் படத்தை நறுக்கென்று வெட்டி வரிசையோடு வரிசையாக நிறுத்துவார்கள். காலமான அப்பனையோ ஆத்தாளையோ ஒட்டுவதென்றால் மேலே மூலையில், ஓரத்தை மங்கலாக்கி ஒட்டுவார்கள். ஓரம் கூராக இருந்தால் ஆள் இருக்கிறார். மங்கினால் ஆள் இல்லை.

மறுநாள் காலை துறைமுகத்து ஐஸ் கம்பெனி தமிழ்ச்செல்வனிடமிருந்து செம்பியனின் போனுக்கே அழைப்பு வந்தது. இவன் 'அலோ' என்று வாயைத் திறப்பதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணி, விசயம் இப்பதான் கேள்விப்பட்டேன். மனசே ஆறல. எப்ப எடுக்குறாங்க?"

"யாரைடா எடுக்கணும்?"

"யாரு... யாரு பேசுறது?" என்றது அந்தப் பக்கம்.

"நான்தான்டா பேசுறேன், செம்பியன்."

"அண்ணே... நீங்களா? அப்ப அந்தப் படம்?"

அன்றைக்கு அவன் சந்தைக்குப் போனபோது மீன்காரி காசியம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு மேலும் கீழும் பார்த்தாள். "செத்தும் ஐஸ் பொட்டிய விடமாட்டியா தம்பி? மேலயும் மீன் யாவாரம் ஓடுதா?" சந்தையே சிரித்தது. அதோடு 'கொடைக்கானல்' என்று பட்டப்பெயரும் நின்றுபோயிற்று. "கொடைக்கானலு, ரெண்டு பொட்டி மத்தி ஏத்து!" என்று கூப்பிடுகிறவன் இன்றைக்கும் இருக்கிறான்.

செம்பியன் தங்கைக்குப் போன் போட்டான். "அன்னிக்கி வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டேன். உயிரோட இருக்கையில நீ போன கார்ல எனக்கு எடம் இல்ல. செத்தா மேகத்துல எடம் குடுப்பியோ?" என்றான். அவள் "அண்ணே, நான் சொல்றத..." என்பதற்குள் துண்டித்துவிட்டான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. நீலா பெரியவளானபோது தாய்மாமன் சீரைப் பொண்டாட்டி ராசாத்தி கையில் கொடுத்தனுப்பிவிட்டு, மண்டப வாசலில் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். மேளச்சத்தம் நின்றதும் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மதிவதனிக்கு வேலையே ஆட்களை ஒன்று சேர்ப்பதுதான்.

அவர்கள் அப்பா மருதையன் வயல் கூலி. செம்பியன் ஐந்தாவதோடு நின்று வேலைக்குப் போனான், அதனால் மதி பன்னிரண்டாவது வரை போனாள். பிறகு டவுனில் ஒரு ஸ்டூடியோவில் ரசீது போடச் சேர்ந்தாள். அங்கே கம்ப்யூட்டரில் ஆல்பம் போடுகிறவன் தினமும் டீ குடிக்கப் போன நேரங்களில் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்தே வேலையைப் பிடித்துக்கொண்டாள். மீனுக்குச் செதில் எடுப்பதைப்போல் முடியோரம் பிசிறில்லாமல் வெட்டுவாள். கல்யாணமாகித் தலத்தெருவுக்கு வந்தபின் வீட்டிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டாள். ஸ்டூடியோக்காரர்கள் படங்களை அனுப்புவார்கள், இவள் பக்கம் போட்டு அனுப்புவாள். காரைக்காலில் பாதிக் கல்யாணங்களில் கண்ணை மூடினவர்கள் கண் திறந்து நிற்பது அவள் கைவேலை. சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் நின்ற சம்பந்திகளைத் தோளோடு தோள் நிற்க வைத்ததும் அவள்தான்.

ஆடி பிறந்தால், பிரான்சில் குடியேறின காரைக்கால் குடும்பங்கள் லீவுக்கு வந்து இறங்கும். ஒரு வருஷம் எத்மோன் வீட்டு மருமகள் கரொலின் ஒரு பையைக் கொண்டுவந்து மதியின் மேசையில் கொட்டினார். பஸ் டிக்கெட், ஓட்டல் பில், கிளிஞ்சல், பூ கட்டின வாழைநார், கோயிலில் கொடுத்த விபூதிப் பொட்டலம்.

"இதெல்லாம் ஆல்பத்துல வரணும் மதி. வக்கான்ஸ்னா, அதான் லீவுன்னா, மூஞ்சிய மட்டும் காட்டுறது இல்ல."

"குப்பையெல்லாமா மேடம்?"

"குப்பைதான். ஆனா ரோசாப்பூ வேணாம், ஹார்ட்டு வேணாம், அந்த அன்னம் ரெண்டும் கண்டிப்பா வேணாம்."

"அன்னம் கூடவா?" என்று மதிக்குத் துக்கமாகவே போய்விட்டது. அன்னம் இல்லாமல் அவள் அதுவரை ஓர் ஆல்பமும் முடித்ததில்லை. ஆனால் ஒட்டி முடித்துப் பார்த்தபோது அந்த வாழைநார்தான் கல்யாண ஆல்பங்களில் இல்லாத ஒன்றைச் சொன்னது. அதற்கப்புறம் ஆடி மாதம் வந்தால் பிரான்சுக்காரர்களின் லீவுப் பக்கங்கள் அவளிடம்தான். ஊரார் லீவையெல்லாம் ஒட்டி ஒட்டி, தனக்கும் ஒரு லீவு வேண்டும், அதற்கும் பக்கம் போட வேண்டும் என்று ஆசை வந்தது. அந்த ஆசைதான் கொடைக்கானல். அந்த ஆசைதான் அண்ணனை மேகத்தில் ஏற்றியது.

ஊரையே ஒட்டினவளுக்குத் தானும் அண்ணனும் சேர்ந்து நிற்கிற படம் என்று இருந்தது ஒன்றே ஒன்று, அவள் கல்யாண ஆல்பத்தில். அதிலும் செம்பியனின் காது பாதி வெட்டுப்பட்டிருக்கும்.

போன வருஷம் சித்திரையில், செம்பியன் சந்தைக்குப் போய்வந்து வேனுக்குள் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது ராசாத்தி வந்து நின்றாள்.

"ஏங்க, மதிக்கு முடியல."

அவன் குழாயை நிறுத்தவில்லை.

"வவுத்துல கட்டி. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில பாத்துட்டாங்க. ஈரலு வரைக்கும் போயிடுச்சாம். இனிமே அறுத்து பிரயோசனம் இல்லன்னு சொல்லிட்டாங்களாம்."

அவன் சக்கரத்துக்கு அடியில் குனிந்து தேய்த்தான்.

"எத்தனை வருசமாத்தான் அந்த வண்டியக் கழுவுவீங்க? நாத்தம் வண்டியில இல்லங்க," என்று சொல்லிவிட்டு அவள் குழாயைத் தானே மூடிவிட்டு உள்ளே போனாள்.

அன்று சாயந்தரம் செம்பியன் போனபோது, தலத்தெரு வீட்டு வாசலில் கதிரவன் எழுந்து நின்றான். "வாங்க மச்சான்." உள்ளே மதி கம்ப்யூட்டர் முன்னால், முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஆளில் பாதி காணோம். கண் மட்டும் பெரிதாக, மஞ்சளாக இருந்தது. திரும்பி அவனைப் பார்த்தாள்.

"எறங்கி வந்துட்டியா, மேகத்துலேருந்து?"

"நீயா எறக்கி விட்ட? நானா எறங்கி வந்தேன்," என்றான் செம்பியன்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துத் திரையைப் பார்த்தான். பக்கங்கள் இருந்தன, படங்கள் இல்லை. எல்லாம் சாம்பல் நிறத்தில் வெறும் கட்டங்கள்.

"என்னா இது, காலியாக் கெடக்கு?"

"பக்கத்த மொதல்ல போட்டுடுவோம்ணே. படம் அப்புறமா வந்து குந்தும். எங்க வேலையே அப்படித்தான். பொண்ணு மாப்ள பாக்குறதுக்கு முன்னாடியே கல்யாணப் பக்கம் ரெடியா இருக்கும்."

"இது யாரு கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல. லீவு. நாம எல்லாரும் போவப்போற லீவு. உன் வண்டியில."

"வண்டி நாறும்."

மதி புருஷனைப் பார்த்தாள். கதிரவன் தரையைப் பார்த்தான். "நாறட்டும் மச்சான்," என்றான். "அன்னிக்கி நான் சொன்னது..."

"விடுங்க மாப்ள. நெசத்தத்தானே சொன்னீங்க."

மலைக்கெல்லாம் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதி யோசித்தாள். "நம்ம ஊரு அரசலாத்துத் தண்ணி கடல்ல வுழுறதப் பொறந்ததுலேருந்து பாக்குறேன். அது எங்கேருந்து வருதுன்னு பாத்ததே இல்ல. கல்லணை போவோம்ணே," என்றாள். "ஆடியில தண்ணி வரும்ல?"

ஆடி வரை அவள் இருக்க வேண்டுமே என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலை. இருந்தாள்.

ஆம்னியின் பின் இருக்கை இத்தனை வருஷமாகச் செம்பியன் வீட்டுக் கூடத்தில் பெஞ்சாகக் கிடந்தது. ராசாத்தி அதில் உட்கார்ந்துதான் கீரை ஆய்வாள். அதைத் தூக்கிப்போய் வண்டியில் வைத்து முடுக்கினான். முடுக்கி முடித்தபின் ஒரு போல்ட் மிச்சம் இருந்தது. எங்கே விட்டோம் என்று எவ்வளவு தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. புளியைக் கரைத்து ஊற்றித் தேய்த்தான். எலுமிச்சம்பழம், காப்பித்தூள், கற்பூரம், அந்துருண்டை, யார் எதைச் சொன்னார்களோ அதையெல்லாம் போட்டான். புறப்படுகிற அன்று நீலா ஏறினதும் மூக்கைச் சுருக்கினாள்.

"மாமா, கோயிலுக்குள்ள மீன் கடை வச்ச மாதிரி இருக்கு."

"குந்துடி. சாமியும் சாப்புடட்டும்," என்றாள் மதி. அவள் மடியில் மிச்சமான அந்த போல்ட். செம்பியன் குப்பையில் போடப் போனதை வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். "இதுவும் பக்கத்துல வரும்."

கல்லணையில் தண்ணீர் மதகு மதகாக இரைந்து விழுந்தது. மதியால் நடக்க முடிந்தது கொஞ்ச தூரம்தான். மதகுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். "இதுல எது நம்ம ஊருக்கு வர்ற தண்ணி?" என்றாள். செம்பியனுக்குத் தெரியவில்லை. எதையோ கையைக் காட்டி, "அதான்," என்றான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. கரையில் மீன் வறுத்து விற்றார்கள். கதிரவன் வாங்கிவந்தான். செம்பியன் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"ஆத்து மீனு. சேறு நாறுது."

"நாறுதா? உனக்கேவா?" என்றாள் மதி.

முதலில் சிரித்தது கதிரவன்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். செம்பியனும்.

நீலா போனை எடுத்தாள். "மாமா, அம்மா பக்கத்துல நில்லுங்க. சாவியப் பாக்கெட்ல போடுங்க. வண்டியப் பாக்காதீங்க, அது ஓடிடாது. இங்க பாருங்க, சிரிங்க."

"சிரிப்பெல்லாம் வராது."

"கண்ணையாச்சும் மூடாதண்ணே," என்று மதி அவன் கையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள்.

முழு உடம்பையும் அவன் மேல் சாய்த்தாள். சாய்ந்ததே தெரியவில்லை. மீனும் ஐஸும் காலியான பெட்டியைத் தூக்கும்போது கை சட்டென்று மேலே போகுமே, அப்படி ஆகிவிட்டது அவனுக்கு. கண்ணை இறுக்கி மூடினான். நீலா அப்போதுதான் அழுத்தினாள்.

"போதும்ணே. வீட்டுக்குப் போவோம்," என்றாள் மதி. இன்னொன்று எடுக்க முடியவில்லை. திரும்பி வரும்போது வழியெல்லாம் தூங்கினாள். செம்பியன் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியைத் தூக்கிவைப்பதுபோல் ஓட்டினான்.

பக்கங்களுக்குப் படம் வந்துவிட்டது, உட்கார வைக்கத்தான் கை இல்லை. ஊசி குத்திக் குத்தி மதியின் கை வீங்கிவிட்டது, மவுஸைப் பிடிக்க முடியவில்லை. நீலா பகலில் கல்லூரிக்கும் கதிரவன் வேலைக்கும் போய்விடுவார்கள். சந்தை முடிந்து வந்த செம்பியனை அவள் நாற்காலியில் உட்காரச் சொன்னாள்.

"நானா? இதத் தொட்டா ஒடஞ்சிடும்."

"ஐஸ் பாறைய ஒடைக்கிற கையிது, இந்த எலிக்குஞ்சப் பிடிக்காதா? புடி. அமுக்காத. தடவிக்கொடு."

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அவன் நாற்காலியில், அவள் பக்கத்துக் கட்டிலில். அவள் சொல்லச் சொல்ல அவன் நகர்த்துவான். கல்லணையில் வண்டி நிறுத்தின சீட்டை ஸ்கேனரில் வைத்தார்கள். புங்க இலை ஒன்றை வைத்தார்கள். போல்ட்டை வைத்தார்கள். திரையில் அது வெள்ளிக்காசு மாதிரி வந்து உட்கார்ந்தது.

"வாசனைய மட்டும் ஸ்கேன் பண்ண முடியலண்ணே. முடிஞ்சா உன்னைத் தனியா ஒட்டவே வேணாம்."

"வாய மூடிக்கிட்டு அடுத்தது சொல்லு."

அண்ணனும் தங்கையும் நிற்கிற படம் வந்தது. திரை நிறைய வந்தது. செம்பியன் மவுஸை விட்டுவிட்டான். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, மஞ்சள் கண்ணோடு அவன் கையில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மதி, இந்த மூஞ்சி வேணாம். கொடைக்கானல்ல எடுத்தது இருக்குல்ல, அந்த மூஞ்சிய எடுத்து இதுல வையி. ஊருக்கெல்லாம் மாத்துனல்ல நீ?"

"கொடைக்கானலுக்குப் போனவ வேறண்ணே. உன்கூட வந்தவ இவதான்."

"அப்ப என் கண்ணையாச்சும் தொற. பொட்டக் கண்ணன் மாதிரி நிக்கிறேன்."

"வேணாம். நீ ஏன் மூடுனன்னு உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

அவன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். இலையை வெட்டும்போது கை எதன்மேலோ பட்டு, இலையின் ஓரமெல்லாம் புகையாகிப் போயிற்று. "ஐயையோ, இது என்னா ஆச்சு?"

"ஒன்னும் ஆவல. மங்கலாக்குறத அமுக்கிட்ட."

செம்பியன் அந்த மங்கின இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் கேட்காததைத் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"உனக்குத் தெரியாதா மதி, யாரை மங்கலா ஒட்டுவாங்கன்னு?"

"எனக்குத் தெரியாதா? நான்தானே ஊருக்கே ஒட்டுறேன்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "மொதல்ல கூராத்தான் வெட்டுனேன். படகுல என் பக்கத்துல குந்த வச்சேன். நீ நெசமா வந்த மாதிரியே இருந்துச்சு. அத என்னால பாக்க முடியலண்ணே. அவரு நாத்தம்னு சொன்னப்ப வாயத் தொறக்காம நின்னுட்டு, நீயும் வந்தேன்னு பக்கம் போட்டா அது எவ்ளோ பெரிய பொய்யி? எடுத்துடலாம்னு பாத்தேன். நீ இல்லாத பக்கத்தையும் பாக்க முடியல. நீ வரலன்னும் தெரியணும், உன்னை நெனச்சிக்கிட்டேதான் போனேன்னும் தெரியணும். எனக்கு வேற வழி தெரியல. ஊரு என்னா நெனைக்கும்னு அந்த நேரம் தோணவே இல்ல."

செம்பியன் மவுஸைத் திரும்பப் பிடித்தான். அந்த இலையைப் பழையபடி கூராக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான். அவள் சொன்னாள். செய்தான்.

பக்கங்கள் எல்லாம் முடிந்தன. மதி ஒரு தடவை முதலிலிருந்து கடைசி வரை தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "அன்னம் இல்லாமலே நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

புரட்டாசியில் ஒரு விடியற்காலையில் போய்விட்டாள்.

தெருமுனையில் கட்டுவதற்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வாங்கிவரச் செம்பியனை அனுப்பினார்கள். மதி வேலை பார்த்த ஸ்டூடியோவில் இப்போது ஆஃப்ரின் என்ற பெண் இருக்கிறாள். மதியிடம் வேலை பழகினவள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. திரையில் மதியின் முகம், கழுத்தோரமெல்லாம் பிசிறு பிசிறாக.

"அக்கா மொகத்த வெட்டக் கை வரமாட்டேங்குதுண்ணே. எத்தனை தடவை செஞ்சாலும் கோணுது."

"எந்திரிம்மா," என்றான்.

அவன் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தான். அமுக்கவில்லை, தடவினான். கழுத்தோரம், காதோரம், நெற்றியில் விழுந்த முடி. ஒரு முடி விடாமல் வெட்டி முடித்தான். வீட்டில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள், பறை வந்துவிட்டது, அண்ணன்காரன் எங்கே எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே ஓரத்த மங்கலாக்கணும்ணே," என்றாள் ஆஃப்ரின், மெதுவாக.

"வேணாம். கூராவே இருக்கட்டும்."

"முறை இல்லையேண்ணே..."

"இன்னும் வீட்லதானம்மா இருக்கா."

ஆஃப்ரின் மறுபேச்சுப் பேசாமல் அச்சுக்கு அனுப்பினாள். அப்போது போன் அடித்தது. தமிழ்ச்செல்வன். "அண்ணே... விசயம் கேள்விப்பட்டேன்," என்று நிறுத்தினான். "எப்பண்ணே எடுக்குறாங்க?"

"சாயந்தரம்டா," என்றான் செம்பியன்.

பேனர் வரும்வரை ஸ்டூடியோ வாசலில் வேனுக்குள் உட்கார்ந்திருந்தான். இருக்கையை இன்னும் கழற்றவில்லை. மதி நன்றாகப் பேசின கடைசி மத்தியானம் அவனிடம் ஒன்று கேட்டிருந்தாள். பக்கமெல்லாம் முடிந்து, அவன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்தபோது சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணே, நாளைக்கி நீலாவுக்குக் கல்யாணம் வரும். ஆஃப்ரின்தான் ஆல்பம் போடும். அம்மாவ எங்கயாச்சும் ஒட்டணும்னு எல்லாரும் நிப்பாங்க. ஒட்ட வுடாத. கூரா ஒட்டுனா பொய்யி. மங்கலா ஒட்டுனா எம்புள்ள அதத் தொறக்கும்போதெல்லாம் அழுவும். என் எடத்துல நீ நில்லு. மண்டப வாசல்ல வண்டியில குந்திக்கிட்டு இருக்காத, உள்ள வா. குளிச்சிட்டுக்கூட வர வேணாம், சந்தையிலேருந்து அப்படியே வந்து எம்புள்ள பக்கத்துல நில்லு. கண்ண மட்டும் தொறந்து வச்சிக்க."